கலியமூர்த்தியின் அரைச் சுற்று

'டிக்' என்றது.

பெரிய சத்தமில்லை. அப்பளம் உடைவதைவிடச் சின்னது. ஆனாலும் தெரசாவின் கை, திருகு முடுக்கும் ஆலன் கீயோடு அப்படியே நின்றுவிட்டது. பதினெட்டு வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு முடுக்குகிற கை அது. எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்பது காதுக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும்.

குனிந்து பார்த்தாள். டேவிட்டின் சைக்கிளில், சீட்டைத் தாங்கி நிற்கும் கறுப்புக் குழாயில், அதை இறுக்கிப் பிடிக்கும் வளையத்துக்குச் சற்று மேலே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. விரலால் தட்டிவிட்டாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. உள்ளே போய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தபோதுதான், அது முடியில்லை, விரிசல் என்று தெரிந்தது.

"ஏசுவே," என்றாள்.

புதன்கிழமை காலை ஏழு மணி. சனிக்கிழமை விடிந்ததும் டேவிட் இதே சைக்கிளில், இதே குழாயின் மேல், தன் எழுபத்தெட்டு கிலோவோடு உட்கார்ந்து, நண்பர்களோடு ஸ்ரீபெரும்புதூர் வரை போய்த் திரும்புவார். இந்தக் குழாய் சாதாரணக் குழாயில்லை, கார்பன் என்று அவர் நூறு முறை சொல்லியிருக்கிறார். அது கார்பன் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கார்பனை எப்படி முடுக்கக் கூடாது என்பது தெரியாது.

அவள் முடுக்கியது கலியமூர்த்தி கணக்குப்படி. கலியமூர்த்தி என்பவர் அவள் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை ஒரு வால்வு ஒழுகுகிறது என்று புகார் வந்ததிலிருந்து, அளவு காட்டும் ரெஞ்ச் போதும் என்று சொன்ன பிறகும் 'நம்ம மனசுக்காக இன்னொரு அரைச் சுற்று' என்று எல்லாப் பெண்களையும் பழக்கிவிட்டுப் போனார். அவர் போய் ஆறு வருஷமாகிறது. அரைச் சுற்று போகவில்லை. தெரசா வீட்டு ஊறுகாய் ஜாடியை அவளைத் தவிர யாராலும் திறக்க முடியாது.

நேற்று ஓட்டும்போது சீட் லேசாகக் கீழே இறங்கியது. அதனால் இன்றைக்கு இன்னும் ஒரு அரைச் சுற்று சேர்த்தே கொடுத்திருந்தாள்.

ஆம், ஓட்டும்போது. அதுதான் விஷயம். தெரசா அந்த சைக்கிளை ஓட்டுகிறாள் என்பது டேவிட்டுக்குத் தெரியாது.

டேவிட் கெட்டவரில்லை. கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். அவருக்கு ஒரே ஒரு வியாதி. கற்றுக்கொடுப்பார். ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கு ஃபிட்டர் வேலை சொல்லிக்கொடுக்கிற வேலை. அது வீட்டுக்கு வந்தும் நிற்காது. கல்யாணமான மூன்றாம் நாள் வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுத்தார். குடையை மடக்கக் கற்றுக்கொடுத்தார். கோயில் வாசல் கதவை முப்பது வருஷமாகப் பூட்டிக்கொண்டிருக்கும் காவலாளிக்குப் பூட்டக் கற்றுக்கொடுத்தார்.

பல வருஷங்களுக்கு முன்னால் அவளுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கக் கொரட்டூர் ஏரிப் பக்கம் காலி மனைகளுக்கு அழைத்துப்போனார். பிரேக் என்றால் என்ன என்று மண்ணில் குச்சியால் படம் வரைந்து விளக்கினார். நாற்பது நிமிஷம் அவள் ஓடாத ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்து கேட்டாள். கடைசியில் வண்டி நகர்ந்தது. நாலு கஜம் போயிருக்கும். பின்னாலேயே ஓடிவந்தவர் கேட்டார்: "தெரசா, இப்ப நீ என்ன தப்புப் பண்ணேன்னு உனக்கே தெரியுதா?"

அவள் இறங்கினாள். வீட்டுக்கு நடந்தாள். அதன் பிறகு ஹேண்டில் வைத்த எதிலும் ஏறவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால், மகள் ரியா திருச்சிக்கு ஹாஸ்டலுக்குப் போன வாரம், வராந்தாவைக் கூட்டுவதற்காக சைக்கிளை நகர்த்தினாள். நகர்த்தியவள், ஏன் என்று அவளுக்கே தெரியாது, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு நின்றாள். நாற்பத்தாறு வயது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டிலைப் பிடித்தபடி சும்மா நின்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிசயமாக இருந்தது.

மறுநாள் அதே காலி மனைகளுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு தடவை விழுந்தாள். இரண்டு தடவையும் பாத்ரூமில் வழுக்கியதாகச் சொன்னாள். டேவிட் பாத்ரூமுக்கு ரப்பர் பாய் வாங்கிப் போட்டு, அதன் மேல் எப்படி நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். மூன்றாவது வாரம் சைக்கிள் ஓடியது. அவள்தான் ஓட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு முதல் ஏழே முக்கால் வரை. சீட்டை நாலு அங்குலம் இறக்குவாள். ஏரிக்கரையோரம் ஓட்டுவாள். திரும்பி வந்ததும் டேவிட் உயரத்துக்கு ஏற்றி வைப்பாள். அந்த முக்கால் மணி நேரத்தில் தப்புச் செய்தாலும் அது அவளுடைய தப்பு. யாரும் அதைப் படம் வரைந்து காட்ட மாட்டார்கள்.

எல்லாம் தோதாகவே அமைந்திருந்தது. டேவிட் ஆலன் கீயை ஜன்னல் விளிம்பிலேயே போட்டுவிட்டுப் போவார். டயரில் எப்போதும் காற்று இருக்கும். ஷூவைப் பூட்டிக்கொள்கிற பெடலை முட்டி வலி என்று அவரே கழற்றிவிட்டு, செருப்புக்காலோடு மிதிக்கிற சாதாரணப் பெடலைப் போட்டிருந்தார். அதோடு கொஞ்ச நாளாக ஒரு புதுப் பழக்கம்: கொரட்டூர் ஸ்டேஷனில் ஏறியதும் போன் பண்ணுவார். "தெரசா, ரயில் ஏறிட்டேன்." அவ்வளவுதான். வைத்துவிடுவார். வயசாக வயசாக மனுஷனுக்குப் பாசம் கூடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது விரிசல்.

ரியாவின் மேஜை இழுப்பறையில் கறுப்பு நெயில் பாலிஷ் இருந்தது. விரிசல் மேல் ஒரு கோடு இழுத்தாள். விரிசல் மறைந்தது. ஆனால் பாலிஷ் பூசிய இடம் மட்டும் செத்த கரப்பான்பூச்சி முதுகு மாதிரிப் பளபளத்தது. டேவிட் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். குழாய் முழுக்க ஒரே மாதிரி பளபளத்தால் தெரியாது என்று தோன்றியது. குழாயை உருவி எடுத்து மேலிருந்து கீழ்வரை பூசினாள். பாதியில் சந்தேகம் வந்து மகளுக்குப் போன் பண்ணினாள்.

"ரியா, உன் கறுப்பு நெயில் பாலிஷ் காய எவ்வளவு நேரமாகும்?"

"அம்மா, நீயா? கறுப்பா? ஆபீசுக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ரெண்டு கோட்டுன்னா கால் மணி நேரம். அம்மா, செம்ம நீ. போட்டோ அனுப்பு."

காத்திருக்கக் கால் மணி நேரமில்லை. எட்டரை ஆகிவிட்டிருந்தது. குழாயை சைக்கிள் சட்டத்துக்குள் செருகி, சீட்டை அழுத்தி, அரைச் சுற்றுக் கொடுத்துவிட்டுக் குளிக்க ஓடினாள். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. சீட்டை டேவிட் உயரத்தில் வைக்கவில்லை. ஐந்து மாதப் பழக்கத்தில் கை அதை நேராக அவள் உயரத்துக்கே அழுத்திவிட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடிவந்து சீட்டைத் தூக்கினாள். வரவில்லை. திருகை முழுக்கத் தளர்த்திவிட்டுத் தூக்கினாள். வரவில்லை. சைக்கிளே தூக்கிக்கொண்டு வந்தது. ஈரப் பாலிஷோடு உள்ளே போன குழாய், பகல் முழுக்க நிதானமாகக் காய்ந்து, சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அது தெரசா உயரத்தில், அசையாத சாட்சி போல நின்றது.

வாசல் கேட் சத்தம் கேட்டது. துவைக்கப் போட்டிருந்த இரண்டு போர்வையை நனைத்துப் பிழியாமலே எடுத்து வந்து சைக்கிள் மேல் விரித்தாள்.

"என்ன தெரசா, பைக்குக்கு முக்காடு போட்டிருக்க?" டேவிட் ஒருபோதும் சைக்கிள் என்று சொல்ல மாட்டார்.

"காயப் போட இடமில்ல."

"மாடியில கொடி இருக்கே?"

"குரங்கு வருதுங்க."

"கொரட்டூர்லயா?"

"காக்கான்னு சொல்ல வந்தேன்."

டேவிட் சொட்டிக்கொண்டிருந்த போர்வையைப் பார்த்தார். அதன் அடியில் சீட் இருந்த மேட்டைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஈரம் பட்டால் செயின் என்ன ஆகும் என்ற பாடம் வரப்போகிறது என்று தெரசா காத்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். "டீ இருக்கா?" என்று உள்ளே போய்விட்டார். கொஞ்ச நாளாகவே இப்படித்தான், சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறார். கடைவாய்ப் பல் கட்டியதிலிருந்து பேசக் கஷ்டமாக இருக்கிறதோ என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

டீயை வாங்கிக்கொண்டதும் வழக்கமான கேள்வி வந்தது.

"சரி, நீ சொல்லு. கார்பனா, மெட்டலா?"

இரண்டு மாதமாக அந்த வீட்டில் இந்தக் கேள்வி குடியிருந்தது. சீட்டுக் குழாயை மாற்ற வேண்டுமாம். மறுபடி கார்பனே போடலாமா, மெட்டலுக்குப் போகலாமா என்று முடிவு பண்ண முடியவில்லையாம். கூட வேலை செய்யும் மனோகரனைக் கேட்டார், கோயில் பாடகர் குழுவைக் கேட்டார், பல் டாக்டரை வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார். யார் என்ன சொன்னாலும் கடைசியில் இவளிடம் வந்து "நீ சொல்லு" என்பார். இவளும் இரண்டு மாதமாக "எதுவோ ஒண்ணு" என்றே சொல்லிவந்தாள்.

இன்று தெரசா துணிந்தாள். மெட்டல் என்று அவரையே முடிவு பண்ண வைத்துவிட்டால், பழைய குழாய் தானாகவே குப்பைக்குப் போகும். மத்தியானம் சாப்பாட்டு நேரம் முழுக்க செல்போனில் படித்ததெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது.

"மெட்டல்," என்றாள்.

டேவிட் டீயைக் கீழே வைத்தார். "என்ன சொன்னே?"

"மெட்டல்தாங்க நல்லது. கார்பனை அளவா முடுக்கணும். கொஞ்சம் கூடிப் போனாலும் உள்ளுக்குள்ள விட்டுடும். மெட்டல்னா வளையும், முனகும், எனக்கு முடியலன்னு சொல்லும். கார்பன் கடைசி நிமிஷம் வரைக்கும் மூஞ்சியில ஒண்ணும் காட்டாதாம். திடீர்னு உடையுமாம்."

சொல்லும்போதே அவளுக்குத் தோன்றியது. இந்த வீட்டில் யார் மெட்டல், யார் கார்பன் என்பதில் சந்தேகமே கிடையாது. டேவிட்டுக்குத் தலைவலி வந்தால் தெருக்கோடி வரை தெரியும். அவள்தான் எதையும் காட்டாமல் இருபத்து மூன்று வருஷத்தை ஓட்டியவள். ஊறுகாய் ஜாடி மாதிரி, இறுக்கி மூடி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"ஆனா கார்பன்னா குலுங்காதே," என்றார் டேவிட் மெதுவாக. "மெட்டல் ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு பள்ளத்தையும் இடுப்புக்கு அனுப்பிடும். இடுப்புக்குக் கஷ்டமா இருக்குமே?"

"இடுப்பு கிடக்குதுங்க."

"நிஜமா? பரவாயில்லையா?"

"பரவாயில்ல. மெட்டல் போடுங்க."

"நீயா சொல்றே? நாளைக்கு மாத்திச் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

பரீட்சை முடிவு வந்த பையன் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம். செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்கே போய்விட்டார். இரண்டு மாதக் குழப்பத்தை இரண்டு நிமிஷத்தில் தீர்த்துவிட்டோமே, இதை முன்னமே செய்திருக்கலாமே என்று தெரசா சப்பாத்தி மாவைப் பிசைந்தாள்.

டேவிட் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "முடிஞ்சுது. சனிக்கிழமை சாயங்காலம் மெட்டல் மாத்திடறேன். காலையில கடைசியா ஒரு தடவை கார்பன்ல போயிட்டு வந்துடறேன். பிரியாவிடை."

மாவு பிசைந்த கை நின்றது. "ஸ்ரீபெரும்புதூருக்கா?"

"கடைசித் தடவையாச்சே? மனோகரன் காஞ்சிபுரமே போலாங்கறான்."

வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குப் போன் வந்தது. "தெரசா, ரயில் ஏறிட்டேன்."

அவள் வேலையைத் தொடங்கினாள். முதலில் தேங்காய் எண்ணெய். அது வளையத்தைச் சுற்றி வழிந்து தரைக்குப் போயிற்று. பிறகு வெந்நீர். பிறகு, நெயில் பாலிஷை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர்தானே என்று ரியாவின் பாட்டிலைத் தேடி எடுத்து ஊற்றினாள். அது பாலிஷை விட்டுவிட்டு, சட்டத்தின் சிவப்புப் பெயின்ட்டை எலுமிச்சம்பழ அளவுக்குக் கரைத்துக்கொண்டு வந்தது. துடைக்கத் துடைக்க எலுமிச்சை ஆரஞ்சாயிற்று.

கடைசியில் சீட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். வாணலிச் சட்டியை இறக்குகிறவள் மாதிரிக் காலை அகட்டி நின்றாள். திருப்பினாள். லேசாக அசைந்த மாதிரி இருந்தது. மனசுக்காக இன்னொரு அரைச் சுற்று.

'படக்'.

சீட் அவள் கையில் இருந்தது. அதன் அடியில் ஒரு சாண் கறுப்புக் குழாய் வாலாக நீட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் சட்டத்துக்குள். அதை இடுக்கியால் பிடித்து இழுத்தாள். அவ்வளவு நேரம் அடம்பிடித்தது, இப்போது எண்ணெயில் ஊறிய முறுக்கு போல வழுவழுவென்று வந்தது.

வராந்தாத் தரையில் உட்கார்ந்து சீட்டை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் ஒரு நிம்மதி வந்தது. உடைந்துவிட்டது, இனி யாரும் அதன் மேல் உட்கார்ந்து காஞ்சிபுரம் போக முடியாது. அதற்குப் பின்னாலேயே மற்றது வந்தது. உண்மையைச் சொன்னால் டேவிட் திட்ட மாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை. அவர் முகம் மலரும். "அடடே, நீ ஓட்டுறியா? முன்னமே சொல்லக் கூடாதா? வா, நான் கத்துக்கொடுக்கிறேன்." நாளை காலை ஏரிக்கரையில் அவர் பின்னாலேயே ஓடிவருவார். கையில் குச்சி இருக்கும். அத்தோடு அந்த முக்கால் மணி நேரம் செத்துப்போகும். இன்னொரு தடவை இறங்கி வீட்டுக்கு நடக்க அவளால் முடியாது. அழுகை வந்தது. அதையும் இறுக்கி மூடினாள்.

எழுந்து கம்பெனிக்குப் போன் பண்ணி அரைநாள் லீவு சொன்னாள். சீட்டையும் உடைந்த துண்டையும் செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் வைத்தாள். பை கொள்ளாமல் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பட்டரவாக்கம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டாள். "திருக்கை மீனா? எங்க வாங்கினீங்க?"

"ஆமா," என்றாள் தெரசா. "தெரிஞ்சவங்க கொடுத்தாங்க."

"இவ்ளோ தடிச்ச வாலா! நல்லாப் புளி விட்டு வெய்யுங்க."

அம்பத்தூரில் இறங்கி விசாரித்ததில், இந்த மாதிரி சைக்கிளுக்கெல்லாம் பூபாலன் கடைதான் என்று கைகாட்டினார்கள். பூபாலன் தொந்தியும் கிரீஸுமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். செய்தித்தாளைப் பிரித்ததும் சக்கரத்தை நிறுத்தினார்.

"இன்னாக்கா இது?"

"தம்பி பையனோட சைக்கிளுது. இதே மாதிரி குழாய் வேணும். இன்னைக்கே வேணும்."

பூபாலன் குழாயை மூக்கருகே கொண்டுபோனார். "நெயில் பாலிஷ் வாசன வருதே?"

"பையன் போடுவான்."

"பையனா?"

"இப்பல்லாம் யாரு போடல?"

பூபாலன் தலையாட்டிவிட்டு உடைந்த விளிம்பைத் தடவினார். முகம் சாவு வீட்டுக்குப் போனவர் மாதிரி ஆயிற்று. "யாருக்கா இத டைட்டு வெச்சது? பாவிப்பய! கார்பன இப்டியா முறுக்குவாங்க? கொயந்த கன்னத்தக் கிள்ற மாரி, லேசா வெக்கணும். இது ரயில் தண்டவாளத்துக்கு போல்ட் போட்ட கை."

"சின்னப் பையன். தெரியாமப் பண்ணிட்டான்," என்றாள் தெரசா, கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு. "இருக்கா?"

"இந்த சைஸுல ரெண்டே ரெண்டு கீது. ஒண்ணு கார்பன், ஒண்ணு மெட்டல். ரெண்டும் ஒருத்தருக்கோசரம் எட்த்து வெச்சது." பூபாலன் அலமாரிப் பக்கம் போய்க்கொண்டே பேசினார். "கொரட்டூர் அண்ணாத்தே ஒருத்தரு. ஆவடி ஃபேக்டரில வாத்தியாரு."

தெரசா வாசலைப் பார்த்து ஓரடி தள்ளி நின்றாள்.

"ரெண்டு மாசமா என் உசுர வாங்கிகினு கீறாருக்கா. சாயங்காலம் ரயிலவுட்டு எறங்கி நேரா இங்க வந்துடுவாரு. கார்பனா மெட்டலா, கார்பனா மெட்டலா. ஒரு நாளு, 'பூபாலா, இடுப்பு வலிக்கு கார்பன்தான் சொகம்'பாரு. மறுநாளே, 'இல்லடா, முறுக்கற முறுக்குக்கு மெட்டல்தான் தாங்கும்'பாரு. எனிக்கே பைத்தியம் புட்ச்சிடுச்சு. நேத்து சாயங்காலம் போன் பண்ணி, மெட்டல்னு முட்ச்சாரு. ஊட்ல சொல்ட்டாங்களாம். இன்னா சந்தோசம்ன்ற! கொயந்த பொறந்த மாரி சொல்றாரு."

இவருக்கு எப்போது இடுப்பு வலி வந்தது என்று தெரசா யோசித்தாள். வீட்டில் ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பது அவள்தான். முன்பின் தெரியாத கடைக்காரர் முன்னால், புருஷனைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப அந்தக் கார்பன் அவருக்கு வேணாம்தானே? அதை எனக்குக் கொடுங்க."

"தாராளமா எட்த்துக்கோ. ஆனா ரெண்டுத்துலயும் அவரு கோடு போட்டு வெச்சிகீறாரு. இரு, தின்னர் வெச்சித் தொட்ச்சித் தரேன்."

பூபாலன் இரண்டு குழாய்களையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். இரண்டும் கறுப்பு. ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள், முடி கனத்தில், ஸ்கேல் வைத்து இழுத்தவை. மேலே ஒன்று, நாலு அங்குலம் தள்ளிக் கீழே ஒன்று. பக்கத்திலேயே பொடிப்பொடியாக அளவு எழுதியிருந்தது. டேவிட்டின் கையெழுத்து. பையன்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற, ஒரு சுழி தப்பாத கையெழுத்து.

"ஒரு சீட்டுக்கு எதுக்குங்க ரெண்டு கோடு?" என்று கேட்டாள் தெரசா.

பூபாலன் தின்னர் பாட்டிலின் மூடியைத் திறந்தபடியே, கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மேல கீற கோடு அவருக்கு, கீழ கீற கோடு அவரு ஊட்டம்மாவுக்கு. அவருக்குத் தெரியாம தெனம் காலைல ஓட்றாங்களாம். 'எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நிறுத்திடுவா, பூபாலா, மூச்சு வுட்றாதே'ன்னு கையில அட்ச்சி சத்தியம் வாங்கிகினு போனாரு. நீயும் யார்கிட்டயும் சொல்லிடாதக்கா."